நாலுக்குக் காற்று

படிவத்தில் ஆறாவது கேள்வி:
தேடப்படுபவருக்கும் உமக்கும் என்ன உறவு?
'பக்கத்து வீடு' என்று எழுதினேன்.
பதிவேட்டு அறைப் பொடியன் பேனையால் தட்டி
'அது உறவில்லையே டீச்சர்' என்றான்.
மதில் கட்டிய தெருவில் பிறந்திருப்பான்.

டச்பாரில் எங்களுக்கு இடையே கிடுகு வேலிதான்.
அதில் ஒரு பொட்டு.
நாய்க்கென்று விட்டது;
நாங்கள் எல்லோரும் அதற்குள்ளால்தான் வளர்ந்தோம்.

ஒஸ்மண்ட் அங்கிள் ஐஸ் பெக்டறியில் மெக்கானிக்.
ஞாயிறு பூசை முடிய
உமிச்சாக்கில் சுற்றிய பாளத்தைச் சைக்கிளில் கட்டி
வாவிக்கரையால் வருவார்.
வீடு வர அது பாதி.
பாதியில் பாதி எங்களுக்கு.
'ஓடி வாங்ககா, உருகுது!'
பறங்கிப் பெயர்;
கதை மட்டும் எங்கள் அப்பாவைவிட மட்டக்களப்பு.
டெல்சி அன்ரி கோபம் வந்தால்தான்
தங்கள் பாஷைக்கு மாறுவா.
அந்த மொழி முழுவதும் ஏச்சு என்றே
நெடுநாள் நினைத்திருந்தேன்,
எண்களைத் தவிர.

ஒளிச்சுப் பிடிச்சுக்கு ஈவெட் எண்ணுவாள்
பூவரசில் முகம் புதைத்து:
உங். தோஸ். த்ரேஸ். காத்ரு.
என் காதில்
ஒன்று, இரண்டு, மூன்று, காற்று.
'என்ன காற்றடி? கச்சானா, கொண்டலா?'
அவள் சிரிப்பில் எண்ணிக்கை குழம்பும்.
நான் ஒளிக்காமலே தப்பிவிடுவேன்.

ஈவெட்டின் மகள் தான்யா
பேர்த்திலிருந்து எழுதியிருந்தாள்.
எங்கட ஆட்கள் ஆரென்று தேடித் தர ஏலுமா அன்ரி?
அம்மா ஒன்றையும் முழுதாகச் சொல்லாமல் போய்விட்டா.
உங்கள் பெயரைத்தான் சொன்னா.

மூன்று வெள்ளிக்கிழமை போனேன்.
ஒஸ்மண்டை முதல் நாளே பிடித்தேன்:
ஞானஸ்நானம், 1931, மாசி.
தகப்பன் இக்னேஷியஸ், கொல்லன்.
அவனுக்குத் தகப்பன் பஸ்தியான்.
அன்றாடோ என்ற பெயரை
ஒரு சுவாமி 'அந்திராது' என்று எழுதியிருந்தார்,
இன்னொருவர் 'அன்றாடு'.
மற்றவர், களைத்திருந்தாரோ என்னவோ, 'அன்றாடம்'.
தனியே இருந்து சிரித்தேன்.
அன்றாடம்தானே.
உப்புக் கேட்டதும் கோழிக்குச் சண்டை பிடித்ததும்
சண்டைக்கு மறுநாள்
பொட்டுக்குள்ளால் கேக் வந்ததும்.

பஸ்தியானின் தாய்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
'இவ்வூர்ப் பெண்'.
அவ்வளவுதான்.
ஏதோ ஒரு பெயரால் அவளைக்
கூப்பிட்டிருப்பார்கள்தானே,
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது.

பஸ்தியானின் தகப்பன் இருக்கும் புத்தகம்
திறக்கவில்லை.
எழுபத்தெட்டுச் சூறாவளியில் நனைந்து
ஒரே கல்லாய் இறுகிவிட்டது.
பொடியன் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான்,
பிறகு மெல்ல வைத்தான்,
நித்திரைப் பிள்ளையை வைப்பதுபோல.

அந்த இரவு நாங்கள் பதினொரு பேர்
அன்றாடோ வீட்டுப் பலாமர மேசைக்குக் கீழே.
டெல்சி அன்ரி இருட்டில் தலைதலையாய்த் தொட்டு எண்ணினா,
தன் பிள்ளை எங்கள் பிள்ளை பிரிக்காமல்.
உங், தோஸ், த்ரேஸ்.
அதற்குமேல் கேட்கவில்லை.
ஓடுகள் பறக்கும் சத்தம்.

தான்யாவுக்கு எழுதினேன்:
மூன்று தலைமுறை கிடைத்தது மகள்.
நாலாவது காற்று.
உனக்கு இது விளங்காது,
அம்மா இருந்தால் சிரித்திருப்பாள்.
புத்தகத்தைப் படம் எடுக்க விட்டார்கள், அனுப்புகிறேன்,
வெளிப்பக்கம் மட்டும்.

இன்னொன்று.
உங்கள் மேசை எங்களிடம் இருக்கிறது.
நீங்கள் போகிற கிழமை, விற்க மனமில்லாமல்,
தாத்தா அதைப் பொட்டுக்குள்ளால் தள்ளிப் பார்த்தார்.
கால் கொழுவியது.
கடைசியில் அவரும் அப்பாவும் வேலியைப் பிரித்துத்தான்
அதை இந்தப் பக்கம் எடுத்தார்கள்.

கிடுகெல்லாம் புதிதாகத்தான் இருந்தது.
அப்பா அதைத் திரும்பக் கட்ட
ஒரு வருடம் எடுத்தார்.